ஆம்ஸ்ட்ராங்கின் மேலுதடு: ட்ரம்பெட்டின் உச்ச ஸ்தாயி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ட்ரம்பெட் பழகும் பிள்ளைகள் நடு ஸ்தாயியைக் கொஞ்சம் தாண்டியதும் கேட்கும் முதல் கேள்வி, "மாஸ்டர், ஹை சி எப்ப வரும்?" என்பதுதான். வந்த ஹை சி, அதாவது அந்த மேல் ஸ்தாயி சி நோட்டு, எத்தனை வருஷம் கூட இருக்கும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. கல்யாண ஊர்வலத்திலும் சர்ச் பண்டிகையிலும் மெல்லிசை மேடையிலும் இருபது வயதில் அசத்தியவர்கள் முப்பத்தைந்தில் மேல் நோட்டு வரும் இடங்களைப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து ஒரு வயதா?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை எடுத்துக்கொள்கிறேன். அவர் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத உயரத்தை 1920-களின் பிற்பாதியில் எட்டினார். 1932-க்கும் 1935-க்கும் இடையில் மேலுதடு கிழிந்து, எல்லாம் போய்விடும் என்ற நிலைக்கு வந்தார். அதன் பிறகும் முப்பது ஆண்டுக்கு மேல் ட்ரம்பெட்டுடன் மேடை ஏறினார். வளர்த்தது, இழந்தது, மீட்டுக் காப்பாற்றியது என்று மூன்று கட்டமும் ஒரே ஆளிடம், அதுவும் ஒலிப்பதிவுகளோடு கிடைப்பது அபூர்வம்.

இந்த நிகழ்வைப் பற்றி ட்ரம்பெட்காரர்கள் நடுவில் ஒரு முடிந்த தீர்ப்பு உண்டு: "அவர் தப்பா ஊதினார், அதனால உதடு போச்சு." அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

உதட்டுக்கு என்ன வேலை

பி ஃப்ளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் அந்தக் குழாய் தன் ஹார்மோனிக் வரிசையில், அதாவது அந்த நீளத்துக்கு இயல்பாக அமைந்த சுரப் படிகளில், உள்ள நோட்டுகளை மட்டும்தான் தரும். கீழே நடு சி, பிறகு ஜி, அதற்கு மேல் சி, ஈ, ஜி, சற்று இறங்கி ஒலிக்கும் பி ஃப்ளாட், அப்புறம் ஹை சி. தாளில் சி என்று எழுதினாலும் காதில் விழுவது பி ஃப்ளாட். நொடிக்கு 932 அதிர்வு. உதடு ஒரு நொடியில் அத்தனை முறை திறந்து மூட வேண்டும்.

கீழ் ஸ்தாயியில் ஒரு ஹார்மோனிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. அதனால் உதட்டின் இறுக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குழாயே சரியான நோட்டுக்கு இழுத்துக்கொள்ளும். ஹை சியைத் தாண்டினால் அடுத்த ஹார்மோனிக் ஒரே ஒரு முழு சுரம் தள்ளி இருக்கிறது. இறுக்கம் மயிரிழை மாறினாலும் பக்கத்து நோட்டில் போய் விழுந்துவிடுவோம். மேலே போகப் போக நோட்டு உடைவதற்குப் பலம் போதாததை விடக் குறி தவறுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உதட்டின் அதிர்வைத் தாங்கிப் பிடிப்பது கருவியின் விரிந்த முனையான பெல்லில் மோதித் திரும்பி வரும் ஒலி அலை. ஆனால் பெல் விரிந்திருக்கும் விதத்தால் சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் அலை திரும்புவதில்லை, நேரே வெளியே போய்விடுகிறது. ஹை சிக்கு மேலுள்ள எஃப் 1245 ஹெர்ட்ஸ், ஜி 1397. இவை அந்த எல்லையின் ஓரத்தில் நிற்பவை. ஹை சிக்கு ஒரு ஸ்தாயி மேலே டபுள் சி என்கிறோமே, அது 1865. அங்கே கருவி கை கொடுக்காது. உதடும் காற்றும் தங்கள் கெட்டிக்காரத்தனத்தில் நிற்க வேண்டும்.

காற்றின் கணக்கும் லேசுப்பட்டதல்ல. பலமாக ஊதும் உச்ச நோட்டுகளுக்கு வாய்க்குள் 25 கிலோபாஸ்கல் வரை அழுத்தம் போவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். பாதரசக் கணக்கில் அது 180 மில்லிமீட்டருக்கு மேல். ஆரோக்கியமான ஒருவரின் மேல் ரத்த அழுத்தம் 120 என்பதை நினைத்துப் பார்த்தால், மேல் நோட்டை இழுத்துப் பிடிக்கும்போது ஏன் முகம் ரத்தமாகச் சிவக்கிறது, ஏன் சிலருக்குக் கண் இருட்டுகிறது என்பது விளங்கும்.

இந்தக் காற்றை அடக்கி, அதற்கு நடுவில் ஒரு சின்னத் துவாரத்தை மட்டும் விட்டு வைப்பது வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை. கடைவாய் ஓரங்கள் இறுகி நடு உதடு தளர்ந்திருந்தால் அது நன்றாக அதிரும். தசை களைத்ததும் கை தானாக வேலையை எடுத்துக்கொள்கிறது. ட்ரம்பெட்டை முகத்தோடு சேர்த்து இழுக்கிறோம், உதட்டில் வைக்கும் மவுத்பீஸின் உலோக விளிம்பு உதட்டை நசுக்கி இறுக்கத்தைக் கொடுக்கிறது, நோட்டும் வந்துவிடுகிறது. ஆனால் நசுங்கிய சதைக்கு ரத்தம் போகாது. மரத்துப் போகும், வீங்கும். மறுநாளும் அதையே செய்தால் புண்ணாகும்.

லூயி கற்றுக்கொண்ட விதம்

ஆம்ஸ்ட்ராங் 1901-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். 1912-ம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டதற்காகப் பிடித்துக்கொண்டு போய், கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லம் ஒன்றில் போட்டார்கள். அங்கே பேண்டு நடத்திய பீட்டர் டேவிஸ்தான் அவர் கையில் ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட்டைக் கொடுத்தார். ஒழுங்காக வரிசையில் நின்று அணிவகுப்புப் பாட்டு வாசிக்க அங்கே கற்றுக்கொண்டார். எம்பூஷர், அதாவது ஊதும்போது உதட்டை அமைக்கும் விதம், எப்படி வைப்பது, விளிம்பு உதட்டில் எங்கே உட்கார வேண்டும் என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த ஒரு ட்ரம்பெட் ஆசிரியர் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த இல்லத்துக் கார்னெட் என்று நியூ ஆர்லியன்ஸில் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு கருவியின் மவுத்பீஸ் விளிம்பில் அரத்தால் போட்ட வெட்டுகள் உண்டு. உதட்டில் வழுக்காமல் பிடிப்பதற்காகத் தானே போட்டவை என்று பிற்காலத்தில் ஆம்ஸ்ட்ராங் அடையாளம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்த நிகழ்வு முழுவதையும் விளக்க அந்த வெட்டுகளே போதும். வியர்த்து வழுக்கும் மவுத்பீஸை எப்படியாவது ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு பையன் நினைக்கிறான். சொல்லித்தர ஆள் இல்லை, அரம் இருக்கிறது. உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் பிடிமானத்தைக் கூட்டுவதே வழி என்ற எண்ணம் பதிமூன்று வயதுக்குள் அவர் உடம்பில் ஏறிவிட்டது. பிற்காலப் படங்களில் மேலுதட்டின் சிவந்த பகுதியிலேயே தடித்த வடு தெரியும். விளிம்பு எங்கே உட்கார்ந்து எவ்வளவு நாள் அழுத்தியது என்று அது சொல்கிறது.

1922-ல் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் கூப்பிட்டு சிகாகோ போனார். 1924-ல் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழு. திரும்ப சிகாகோ வந்து வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தபோதுதான் கார்னெட்டை விட்டு ட்ரம்பெட்டுக்கு மாறினார்.

வெண்டோமில் நடந்த ஒன்றை ட்ரம்பெட் சொல்லித்தரும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சோலோவின் முடிவில் ஹை எஃப் ஒன்றைத் தொடுவது அவர் வழக்கமாகிவிட்டது. இன்றைக்காவது தவறவிடுவாரா என்று பார்ப்பதற்கென்றே சிலர் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அது அவரை அரித்தது. அவர் மனைவி லில் ஹார்டின் பியானோ படித்தவர். வீட்டில் ஜி வாசித்துப் பழகு, வீட்டில் ஜி வந்தால் தியேட்டரில் எஃப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று வழி சொன்னார். எவ்வளவு எளிய யோசனை! மேடையில் வேண்டிய நோட்டுக்கு மேலே ஒரு முழு சுரம் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையிலேயே நின்று ஊதுகிறவனுக்கு அன்றைக்குத் தூக்கம் கெட்டிருந்தால் நோட்டு வராது. கையிருப்பு உள்ளவனுக்கு வரும்.

உச்சம்

1928 ஜூன் 28-ல் சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேட்டிருப்பீர்கள். துணையில்லாமல் தொடங்கும் அந்த முகப்பு வாசிப்பைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது கடைசிச் சுற்றை. தாளில் ஹை சியாக வரும் ஒரே நோட்டை ஏறத்தாழ நான்கு பார், அதாவது நான்கு தாள அளவு, அசையாமல் பிடித்து நிற்கிறார். சத்தம் கனமாக, உருண்டையாக இருக்கிறது. பிழிந்து எடுத்த நோட்டின் கிறீச்சு அதில் இல்லை. உதட்டை நசுக்கி மட்டுமே அவர் மேலே போனார் என்று சொல்கிறவர்கள் இந்த நான்கு பாருக்குப் பதில் சொல்ல வேண்டும். அழுத்தி அடைத்த உதட்டில் இப்படி அகலமான நாதம் வராது. காற்று தாராளமாக ஓடுகிறது, நடு உதடு சுதந்திரமாக அதிர்கிறது. 1928-ல் அந்த ஆளிடம் இருந்தது நல்ல ட்ரம்பெட் வாசிப்பு.

பிறகு என்ன ஆயிற்று என்றால், வேலை பெருகிற்று. 1929-ல் நியூயார்க்கில் பிராட்வேயில் ஹட்சன் தியேட்டரில் ஒரு நாடக இசை நிகழ்ச்சி. அது முடிந்ததும் ஹார்லெமில் கானீஸ் இன் கிளப்பில் விடிய விடிய வாசிப்பு. இவற்றோடு லஃபாயெட் தியேட்டரிலும் ஒரு சுற்று. ஒரே நாளில் மூன்று இடம். மேடையில் அவர் காட்டும் வித்தையும் எண்ணிக்கைப் பந்தயமாக மாறியது. 'டைகர் ரேக்' பாட்டின் முடிவில் ஹை சி மேல் ஹை சியாக அடுக்குவார். பின்னால் குழுவினர் சத்தமாக எண்ணுவார்கள். நூறைத் தாண்டிய பிறகு ஹை எஃப் ஒன்றில் கொண்டுபோய் முடிப்பார். 1932 ஜூலையில் லண்டன் பல்லேடியத்தில் இதைக் கேட்ட உள்ளூர்க் கலைஞர்கள் கருவியில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு ட்ரம்பெட்டையும் மவுத்பீஸையும் வாங்கிப் பார்த்தார்களாம்.

நூறு ஹை சியை ஒரே மூச்சாக அடுக்குவதும் நான்கு பாருக்கு ஒரு ஹை சியைப் பிடிப்பதும் ஒன்றல்ல. பிடித்த நோட்டில் உதடு ஒரு நிலையில் அமர்ந்து தன் வேலையைப் பார்க்கும். அடுக்கும்போது ஒவ்வொரு நோட்டும் புதிதாக நாக்கால் தட்டித் தொடங்க வேண்டும். தொடக்கத்தில்தான் விளிம்பு உதட்டை அதிகம் தாக்குகிறது. இடையில் மவுத்பீஸை எடுக்கவும் முடியாது, ரத்தம் திரும்பவும் முடியாது. அதுவும் தினம் பல காட்சி.

முறிவு

1932 இறுதியில் பால்டிமோரில் அவரோடு இருந்த கிளாரினெட்காரர் ஒருவர் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். உதடு புண்ணாகி வீங்கியிருக்கிறது. மேடைக்குப் போகுமுன் ஆம்ஸ்ட்ராங் ஊசி ஒன்றை எடுத்துப் புண்ணில் காய்ந்த தோலைக் கிளறி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், அந்தத் துணுக்குகள் மவுத்பீஸை அடைத்துக்கொள்கின்றன, ரொம்ப நாளாக இப்படித்தான் என்கிறார். பிறகு மேடை ஏறி, பார்ப்பவர் கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலியோடு கடைசி நோட்டை எட்டிப் பிடிக்கிறார். 1933-ல் லண்டனில் ஹோல்போர்ன் எம்பயர் மேடையில் உதடு பிளந்து சட்டையில் ரத்தம் வழிந்தது.

1934-ல் பாரிஸில் தங்கி மாதக்கணக்கில் ஓய்வெடுத்தார். அந்த நவம்பரில் சால் ப்ளேயெலில் கச்சேரி செய்தார். கச்சேரி பெரிய வெற்றி. ஆனால் 1935 தொடக்கத்தில் உதடு மறுபடியும் கைவிட்டது. பயணத்தைப் பாதியில் விட்டு அமெரிக்கா திரும்பினார். ஆறு மாதம் ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். முதல் ஓய்வு ஏன் தோற்றது? புண் ஆறியிருந்தது, ஆனால் திரும்பி வந்து செய்தது பழைய வேலையேதான். பழைய பாட்டு, பழைய அடுக்கு, பழைய அவசரம். நம்மூரிலும் இது தினம் நடக்கிறது. சீசன் முடிந்து ஒரு மாதம் உதட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் நேராக நான்கு மணி நேர ஊர்வலம் போகிறவர் ஓய்வால் என்ன கண்டார்?

யார் குற்றம்

"அழுத்தாமல் ஊத வேண்டும்" என்பது ட்ரம்பெட் உலகத்தின் வேதவாக்கு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் மவுத்பீஸ் உதட்டில் கொடுக்கும் விசையைக் கருவி வைத்து அளந்தார்கள். சுருதி ஏற ஏற, சத்தம் கூடக் கூட, விசையும் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். தேர்ந்த கலைஞர்கள் மற்றவர்களை விடக் குறைவாக அழுத்துவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் அளவீட்டில் நிற்கவில்லை. யார் அதிகம் அழுத்துகிறார் என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் தோற்றது.

ஆகவே ஆம்ஸ்ட்ராங் அழுத்தினார் என்பதை மட்டும் காரணமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோரும் அழுத்துகிறார்கள். அழுத்தம் எந்தச் சதை மேல் விழுகிறது, எவ்வளவு நேரம் எடுக்காமல் விழுகிறது, அடுத்த முறை விழுவதற்குள் சதை ஆற நேரம் இருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாவதில் அவருக்கு ஆரம்பத்திலேயே கோளாறு: விளிம்பு மேலுதட்டின் மென்மையான சிவப்புப் பகுதியில் உட்கார்ந்தது. அங்கே தோல் மெல்லியது, சீக்கிரம் கிழியும். ஆனால் அந்தக் கோளாறோடுதான் 1928-ன் நான்கு பாரும் வந்தது. பிந்தைய இரண்டும் 1929-க்குப் பிறகு கைமீறிப் போயின. முறிவுக்கு வித்து சிறுவயதில் விழுந்தது என்றால், அதை வளர்த்தது நிகழ்ச்சி நிரல். ஊசியால் கிளறியது இருந்த புண்ணை ஆற விடாமல் செய்தது.

இரண்டாவது ஓய்வுக்குப் பிறகு

1935-ல் ஜோ கிளேசர் மேலாளராக வந்தார். பணம், ஒப்பந்தம், பயணம் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். கோடையில் மேடைக்குத் திரும்பி, அக்டோபரில் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவுகள் தொடங்கின.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1936-ல் பதிவான 'ஸ்விங் தட் மியூசிக்' பாட்டில் ஹை சி அடுக்கு மறுபடி கேட்கிறது. உதடு தேறிவிட்டது என்று காட்டும் ஆவல் அதில் இருக்கிறது. 1938 ஜனவரியில் பதிவான 'ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ' வேறு ஆளின் வாசிப்பு போலிருக்கும். மேல் நோட்டுகள் எல்லாம் உண்டு. ஆனால் நடுவில் மூச்சு இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. ஒவ்வொரு உச்ச நோட்டும் மெட்டு அதைக் கேட்கும் இடத்தில் வருகிறது. இசையாகப் பார்த்தாலும் இதுதான் உசத்தி என்பது என் கருத்து.

1947-ல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை விட்டு ஆறேழு பேர் கொண்ட ஆல் ஸ்டார்ஸ் குழுவை அமைத்தார். இந்தக் குழுவின் நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். ஜாக் டீகார்டனின் ட்ரம்போனுக்குத் தனி உருப்படி. பார்னி பிகார்டின் கிளாரினெட்டுக்கு ஒன்று. சிட் கேட்லெட்டின் டிரம்ஸுக்கு ஒன்று. வெல்மா மிடில்டன் வந்து பாடுவார். தலைவரே பாதிப் பாட்டுகளைப் பாடினார். பார்ப்பவருக்கு அது பலவகை விருந்து. ட்ரம்பெட்காரன் கண்ணுக்கு அது ஓய்வுகளால் நெய்த நிரல். இரண்டு உருப்படி ஊதினால் ஒன்றில் மவுத்பீஸ் உதட்டில் இல்லை. அவர் ஆண்டு முழுதும் ஊர் ஊராகப் பயணம் செய்து இரவுக்கிரவு வாசித்துக்கொண்டுதான் இருந்தார், வேலை குறையவில்லை. வேலைக்குள் ஓய்வு வந்தது. பாட்டுக்காரராகவே உலகம் அவரை அறிந்துகொண்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1963 டிசம்பரில் பதிவான 'ஹலோ டாலி' பாட்டில் ட்ரம்பெட் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. மறு ஆண்டு மே மாதம் பீட்டில்ஸை இறக்கிவிட்டு அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 62.

உதட்டுப் பராமரிப்பை அவர் பூஜை மாதிரிச் செய்தார். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் என்ற ட்ரம்போன்காரர் தயாரித்த களிம்பைத்தான் விடாமல் பூசினார். ஆம்ஸ்ட்ராங்கின் பெயரையே அந்தக் களிம்புக்கு வைத்துவிட்டார்கள். களிம்பு உலர்ந்த தோலுக்கு நல்லது. தசைக்கு அது எதுவும் செய்யாது. கடையில் களிம்பு வாங்கிவிட்டால் தாக்குப்பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1968-க்குப் பிறகு இதயமும் சிறுநீரகமும் படுத்தின. மருத்துவர்கள் ஊதக் கூடாது என்று தடுத்தார்கள். 1970-ல் திரும்பவும் கருவியோடு மேடை ஏறினார். 1971 ஜூலை 6-ல் காலமானார்.

ஒப்பிட இரண்டு பேர்

ட்யூக் எலிங்டன் குழுவில் 1944-ல் சேர்ந்த கேட் ஆண்டர்சன் அந்தக் குழுவின் உச்ச ஸ்தாயி ஆள். டபுள் சியையும் தாண்டிப் போவார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஜென்கின்ஸ் அநாதை இல்லத்தின் பேண்டில் கற்றுக்கொண்டவர். ஆக ஆரம்பம் ஆம்ஸ்ட்ராங்கைப் போலத்தான். ஆனால் அவர் விட்டுச்சென்ற பயிற்சியைப் பாருங்கள்: நடு ஸ்தாயி ஜி, அதுவும் எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக, கிசுகிசுப்பாக, இருபது நிமிடம். மூச்சை மூக்கால் எடுத்துக்கொண்டு, மவுத்பீஸை எடுக்காமல். உலகத்திலேயே உயரமான நோட்டுகளை வாசித்தவர் தினம் ஊதியது ஸ்டாஃபின், அதாவது இசை எழுதும் ஐந்து கோடுகளின், இரண்டாம் கோட்டு நோட்டை. சத்தமில்லாமல் ஊதும்போது துவாரம் சின்னதாக இருந்தே ஆக வேண்டும். காற்று கொஞ்சமாக ஆனால் விடாமல் போக வேண்டும். கடைவாய் ஓரங்கள்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மேலே போவதற்கு வேண்டிய அத்தனையும் கீழேயே, உதட்டை நோகடிக்காமல் பழகிவிடுகிறது.

இன்னொருவர் கனடாவில் 1928-ல் பிறந்த மேனார்ட் ஃபெர்குசன். ஸ்டான் கெண்டன் குழுவில் 1950-ல் அவர் காட்டிய உயரம் அன்றைக்கு நம்ப முடியாதது. 1960-களின் பின்பகுதியில் குடும்பத்தோடு இந்தியா வந்து, மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் இசை கற்றுக்கொடுத்தார். யோக மூச்சு, வயிற்றிலிருந்து மேல் மார்பு வரை நிரப்பும் முழு மூச்சு, அவர் வாசிப்பின் அஸ்திவாரம் என்று பிற்காலத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006 ஜூலையில் நியூயார்க்கில் வாசித்தார், ஆகஸ்டில் இறந்தார், வயது 78. காற்று வேலை செய்தால் உதடு தாங்கும் என்பதற்கு அவர் ஆயுளே ஆதாரம். காற்று போதாதபோதுதான் கை கருவியை உள்ளே இழுக்கிறது.

நமக்கு

என்னிடம் வருகிறவர்களுக்கு ஹை சியை நோக்கி ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சியை நான் முதலில் கொடுப்பதில்லை. கேட் ஆண்டர்சனின் ஜி பத்து நிமிடத்தில் தொடங்கும். பிறகு வால்வைத் தொடாமல் ஹார்மோனிக்குகளுக்கு நடுவில் வழுக்கி ஏறி இறங்கும் ஸ்லர். மேலே போகும்போது சத்தத்தைக் கூட்டாமல், நாக்கின் நடுப்பகுதி 'ஈ' சொல்லும்போது எழுவது போல் எழும்ப, காற்றின் வேகத்தால் நோட்டை மாற்ற வேண்டும். அன்றைக்கு எந்த நோட்டு மெல்லிசாகவும் சுத்தமாகவும் வருகிறதோ அதுவே அன்றைய எல்லை. பலமாக ஊதினால் இன்னும் இரண்டு நோட்டு கூட வரும்; அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஊதிய நேரத்துக்குச் சமமாக மவுத்பீஸ் உதட்டில் இல்லாத நேரமும் வேண்டும். ஒரு பயிற்சி ஒரு நிமிடம் என்றால் அடுத்த நிமிடம் கருவி மடியில். பையன்களுக்கு இதுதான் சகிக்க முடியாத பாடம்.

லில் ஹார்டின் சொன்ன கையிருப்பு அளவைக் கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போதே பார்க்க வேண்டும். பாட்டில் ஹை சி வருகிறதென்றால் வீட்டில் ஹை டி மெல்லிசாக வர வேண்டும். வராவிட்டால் ஒரு சுரம் இறக்கி வாசிக்கலாம். பாடகர்கள் சுருதியை இறக்கச் சொல்லத் தயங்குவதே இல்லை. நாம் ஏன் தயங்க வேண்டும்?

மவுத்பீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள்கிண்ணமான கப் ஆழம் குறைந்தது வாங்கினால் மேல் நோட்டில் நாதம் கூர்மையாகி, உழைப்பு கொஞ்சம் மிச்சமாகும். இல்லாத நோட்டை அது கொண்டுவராது. உதடு வீங்கியிருக்கும் நாளில் ஆழமில்லாத கப்பில் உதடு அடியில் தட்டி நோட்டே நின்றுவிடுவதும் உண்டு.

ஊர்வல பேண்டுகளில் இன்றைக்கே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது. இரண்டு ட்ரம்பெட் இருந்தால் பல்லவி ஒருவர், சரணம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்; இருவரும் சேர்ந்து முழுப் பாட்டையும் ஊதத் தேவையில்லை. ஒரே ட்ரம்பெட் என்றால் இடையிசையைக் கிளாரினெட்டுக்கோ சாக்ஸபோனுக்கோ விட்டுவிடுங்கள். ஆல் ஸ்டார்ஸ் செய்தது இதுதான்.

கடைசியாக, பயிற்சியால் சரிசெய்யக் கூடாத நிலை ஒன்று உண்டு. பார்சிலோனாவைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் ஹைமே ப்ளனாஸ் 1982-ல் ட்ரம்பெட்காரர்களின் வாய் வளையத் தசை உள்ளுக்குள் கிழிந்துபோவதை ஒரு தனி நோயாக விவரித்து, ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரான சாச்மோவை அதற்கு வைத்தார். வெளித்தோல் முழுசாக இருக்கும்; கீழே தசை இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் நோட்டு திடீரென்று போய், ஓய்வுக்குப் பிறகும் திரும்பாது. முன்பு ஒழுகாத இடத்தில் காற்று ஒழுகும். உதட்டைக் குவித்து விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படலாம். அந்தத் தசையை அறுவை சிகிச்சையில் சேர்த்துத் தைக்க முடியும், தைத்து மறுபடி ஊத வந்தவர்களும் உண்டு. இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, முகத் தசை அறுவை தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். போகும்போது மவுத்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், விளிம்பு எங்கே உட்காருகிறது என்று அவருக்குக் காட்டலாம்.